ஒரே உதை

புதுப்பேட்டையில் மூன்று மூட்டையாக வாங்கினேன்.
நாலாவது மூட்டை ஒன்று இருந்ததாகவும்
அதை எலி இழுத்துப் போய்விட்டதாகவும்
காதர்மைதீன் சத்தியம் செய்தார்.
மட்கார்டை இழுக்கும் எலி எப்படியிருக்கும் என்று
நான் கேட்கவில்லை.
பேரம் படிந்துகொண்டிருந்த நேரம்.

பி.எஸ்.ஏ., எம் ட்வென்டி.
யுத்தத்துக்கென்று பிறந்து
ஏலத்தில் ஊருக்குள் வந்த வண்டி.
சேஸிஸ் நம்பரைத் தேடி
ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்தேன்.
துருவுக்கு அடியில் கறுப்பு,
கறுப்புக்கு அடியில் மெரூன்,
மெரூனுக்கு அடியில்
யார் வீட்டு ஜன்னலுக்கோ அடித்து மிஞ்சிய பச்சை,
அதற்கும் கீழே, விரல் நகம் அளவு,
பட்டாளத்துக் காக்கி.

அயனாவரம் அபார்ட்மென்டில்
ஏழாம் நம்பர் பார்க்கிங் என்னுடையது.
செயலாளர் இரண்டு நோட்டீஸ் ஒட்டினார்.
முதலாவது, எண்ணெய்க் கறை பற்றி.
இரண்டாவது, குடும்பப் பெண்கள்
இரவு பதினோரு மணிக்குச் சுத்தியல் அடிப்பது பற்றி.
இரண்டாவதன் பின்பக்கம் காலியாக இருந்தது.
வயரிங் படம் வரைந்துகொண்டேன்.

பகலில் வங்கியில் கேஷியர்.
கட்டுக்கட்டாய் அடுத்தவர் பணம்.
ஒருவர் நோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு
"பெட்ரோல் பங்க் வசூலாம்மா?" என்றார்.
கையைக் கவுன்ட்டருக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.
சிரிப்பும் வந்தது.

மேக்னெட்டோவுக்கு நாலு மாதம்.
கார்புரேட்டருக்கு இரண்டு சம்பளம்.
மட்கார்டு கடைசிவரை கிடைக்கவில்லை,
தகடு வாங்கி அடித்து வளைத்தேன்,
அந்த எலியைத் திட்டிக்கொண்டே.

எழும்பூரில் பள்ளி மைதானம்.
கயிறு கட்டிய வரிசையில் அறுபது வண்டிகள்,
மாப்பிள்ளைகள் மாதிரி சாய்ந்து நின்றன.
நடுவர் முட்டி போட்டு, டார்ச் அடித்து,
ஒவ்வொரு நட்டாய்ப் படித்தார்.
"இந்த போல்ட் மெட்ரிக்."
அரை மார்க் போனது.
"மத்ததெல்லாம் ஒரிஜினலா?"
"நாலாவது மூட்டை தவிர," என்றேன்.
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வெயில் ஏறிய பிறகு
தொப்பி வைத்த ஒருவர் நம்பர் பிளேட்டின் முன் நின்றார்.
போகவில்லை.
எம்.எஸ்.எக்ஸ். நாலு ஆறு ஒண்ணு ரெண்டு
என்று வாய்விட்டுப் படித்தார்.
"எங்க டாடி வண்டி.
எழுபத்து மூணுல பெரம்பூர் ஸ்டேஷன் வாசல்ல
காணாமப் போச்சு."
பெயர் டெஸ்மண்ட் என்றார்.

ஆர்.சி. புத்தகத்தில் எட்டுப் பெயர்கள்.
ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே
ஆறு வருஷம் யாருமே இல்லை.
அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.
பார்த்துவிட்டு, பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

பையில் ஃபைல் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.
அவர் கேட்டதோ வேறு:
"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்களேன்."

லீவரைத் தளர்த்தி, பிஸ்டனை மேலே நிறுத்தி,
சேலையை இடுப்பில் செருகி
ஒரே உதை.
டுப் டுப் டுப் என்று
அடி வயிற்றிலிருந்து பேசியது வண்டி.
சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

டெஸ்மண்ட் கை தட்டவில்லை.
முகம் விழுந்துபோனது.
"ஒரே உதையா?
அப்ப இது எங்களுது இல்லீங்க.
டாடி பத்து உதை உதைப்பாரு.
பதினொண்ணுக்குக் கர்த்தர் பேரைச் சொல்வாரு.
பன்னெண்டுக்கு வேற ஒருத்தன் பேரை.
தெருவே எண்ணும்."
டேங்கில் கை வைத்து, சூடு பார்ப்பதுபோல்,
உடனே எடுத்துக்கொண்டார்.
லெமன் ஜூஸ் கடைப் பக்கம் நடந்து போனார்.

மூன்றாம் பரிசு. ஒரு சில்வர் கோப்பை,
கைப்பிடியில் வெல்டிங் சரியில்லை.

திரும்புகையில், டவுட்டன் சிக்னலில்
பச்சை விழுந்ததும் நின்றுபோனது.
பின்னால் மாநகரப் பேருந்து.
உதைத்தேன். இரண்டு. மூன்று.
ஏழாவதிலிருந்து ஓர் ஆட்டோக்காரரும்
சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்.
பதினொன்றில் நான் சொன்ன பெயர்
எந்தச் சாமிக்கும் உரியதல்ல.

டெஸ்மண்டின் போன் நம்பரை
வாங்கி வைத்திருக்கலாம்.